வாசலுக்கு வெளியே யாரையும் தெரியாது

ராஜபாளையத்தில் மேஜைக்கு எதிரே என்னை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிய மேலதிகாரி அம்மா, அரைமணி நேரம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி, என் பக்கத்தில் வந்து நின்று, "செத்த தள்ளி உக்காரும்மா" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சரி, திட்டிய வருத்தத்தில் சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து, "மேடம், நான்தான்..." என்று ஆரம்பித்தேன். "யாரும்மா நீ? ஆள் மாறிப் போச்சு போல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆளே தெரியாது என்று சாதித்தால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

மறுநாள் காலையில் நான் உம்மென்று இருந்தேன். அவரே கூப்பிட்டார். "ஏட்டி, பஸ்ஸுல பின் சீட்டுல ஒருத்தர் பொண்டாட்டி பிள்ளையோட உக்காந்திருந்தார் பாத்தியா? போன வாரம் இந்த நாற்காலியில உக்காந்து அழுத மனுசன். நீயும் நானும் ஆபீஸ் கதை பேசிச் சிரிச்சுட்டுப் போனா, அவருக்கு வேர்த்துக் கொட்டும். பொண்டாட்டி ஏன்னு கேப்பா. அம்புட்டுத்தான், அந்தக் குடும்பம் முடிஞ்சது. வாசலுக்கு வெளியே நமக்கு யாரையும் தெரியாது. என்னையும் தெரியாது. மனசுல வச்சுக்கோ."

எங்கள் அறை பால்வினை நோய்களுக்கானது. சுற்றி வளைப்பானேன். நான் வருகிறவர்களிடம் பேசும் கவுன்சிலர். முருகேசன் ரத்தம் எடுப்பார். ஊசி போட ஒரு நர்ஸம்மா. இப்படிப்பட்ட அறைகள் சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கே இருந்தனவோ, அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் அந்த அம்மாதான் சூப்பர்வைசர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இனி வருகிறவர்களின் தெரு, வேலை எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். அப்படியே எழுதினால் எங்கிருந்தாவது வந்து மண்டையில் நங்கென்று கொட்டிவிட்டு, நீ யாரும்மா என்று கேட்டுவிட்டுப் போவார்.

அவருக்கு முருகேசன் வைத்த பட்டப்பெயர் 'தெரியாதம்மா'. அந்தப் பெயரை வைக்க முருகேசனுக்கு உரிமை இருந்தது. ஒருமுறை சேத்தூர் டீக்கடையில் எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்ததும் பாசம் பொங்கி, "அண்ணாச்சி, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதீயளா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் அண்ணாச்சியின் மச்சினன் நின்றிருக்கிறான். "என்ன மாத்திரை மாமா?" என்றானாம். அந்த அண்ணாச்சி பிறகு எங்கள் வாசல்படி மிதிக்கவே இல்லை. அந்த அம்மா முருகேசனைச் சத்தம் போடவில்லை. "நோயை ஊசி பாத்துக்கிடும்ப்பா. ஊர் வாயை நாமதான் பாக்கணும். வாயை மூடுனா பத்தாது, மூஞ்சியையும் சேத்து மூடணும்" என்று மட்டும் சொன்னார். முருகேசன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. ராஜபாளையத்துக்காரர் யாரும் ராஜபாளையத்தில் வைத்தியம் பார்க்க மாட்டார். தெரிந்தவர் பார்த்துவிடுவாராம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ராஜபாளையத்துக்கு வருவார். இரண்டு கூட்டமும் ஒரே ரோட்டில் எதிரெதிர் பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டு கடக்கும். இவர்கள் எல்லோரையும் அறிந்தவர், இரண்டு ஊருக்கும் நடுவே தினமும் போய்வந்தவர், அந்த அம்மா ஒருவர்தான். அவர் கண்ணை எங்கேதான் வைப்பார் பாவம்! கல்யாண வீட்டில் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர் ஆடிப்பூரத் தேருக்குப் போவதையே விட்டுவிட்டார். "அம்புட்டுக் கூட்டத்துல எத்தனை மூஞ்சியத்தான் தெரியாதுன்னு நினைக்க?" என்பார்.

இன்ஸ்பெக்‌ஷன் என்று வந்தால் மற்ற அதிகாரிகள் போல ரிஜிஸ்டரைக் கேட்க மாட்டார். நோயாளியின் நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்வார். கதவைச் சாத்தச் சொல்லி உள்ளே என்னைப் பேசச் சொல்வார். முருகேசன் வெளியே நின்று, என்ன காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு சொல் கேட்டிருந்தாலும் எனக்கு அர்ச்சனைதான். எங்கள் வரிசையைச் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களின் வரிசையோடு சேர்த்துவிட்டதும் அவர் யோசனைதான். நிற்கிறவர் எதற்கு நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்த வரிசையில் நின்றவர்கள் முதல்முறையாக நிமிர்ந்து நின்றதை நானே பார்த்தேன். கோபம் ஒருபக்கம் இருந்தாலும், அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

ஆனால் அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரரின் முதலாளி மார்க்கெட்டில் வணக்கம் சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். வீட்டில் பெரிய சண்டை. தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்தாலே அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவேன். இது வேலையா, வியாதியா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு முகத்தைத் திறந்து வைத்துக்கொள்ள ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அவருடைய தெரு. அந்தத் தெருவிலிருந்து யாரும் எங்களிடம் வந்ததில்லை. ஒருநாள் அவசரமாக ஒரு கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். போனால், ஆள் வேறு! வாசலில் நின்றுகொண்டு தெரு முழுக்க வம்பு பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டிலிருந்து மில்லுக்குப் புறப்பட்ட இளைஞனைப் பார்த்து, "ஏலே, சாப்பாட்டுத் தூக்கை விட்டுட்டுப் போறியே, கல்யாணம் ஆனதும் புத்தி எங்க போச்சு?" என்று சத்தம் போட்டார். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, "அத்த, மானத்தை வாங்காதீக" என்றான். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவராம்.

அவனுடைய புது மனைவி எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிவந்து கொடுத்தாள். சேத்தூர்ப் பெண். துடுக்கான வாய். "நீங்களும் அத்தை ஆபீஸா? ஆபீஸ்ல பாத்த ஆளை அத்தை பொறவு ரோட்டுல பாத்தா கண்டுக்கிடவே மாட்டாகளாமே? தெருவே சொல்லிச் சிரிக்கும்" என்றாள்.

"ஆமாட்டி. என்னையத் தேடி ஆபீஸ் பக்கம் வந்துராத. பொறவு உன்னையும் எனக்குத் தெரியாமப் போயிரும்" என்றார் அந்த அம்மா. மூன்று பேரும் சிரித்தோம்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு காலை நேரம் அந்த எதிர்வீட்டுப் பையன் எங்கள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனல்லவா, வழக்கம்போல ராஜபாளையத்துக்கு வந்திருக்கிறான். ஊர் ஊராகச் சுற்றுகிற அத்தை அன்று இங்கே இருப்பார் என்று நினைக்கவில்லை போல; நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மூலையில் அந்த அம்மா இருப்பதைப் பார்த்தான். ஊருக்குத் தெரியாமல் வந்தவன் அத்தை மடியிலேயே வந்து விழுந்தான். எழுந்து ஓடப் பார்த்தான்.

அந்த அம்மா அசையவில்லை. "உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். ஏலே போய், வாங்க போங்க வந்துவிட்டது. பிறகு என்னிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

பரிசோதனையில் அவனுக்கு சிபிலிஸ் என்று வந்தது. ஊசி போட்டால் தீருகிற நோய். அதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. பயம் வேறிடத்தில் இருந்தது. அவன் மனைவி ஆறு மாத கர்ப்பிணி. கர்ப்பமான புதிதில் எல்லாப் பெண்களுக்கும் எடுக்கிற பரிசோதனையில் அவளுக்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் இவன் எங்கோ போய் வாங்கிவந்திருக்கிறான். இனி அவளுக்கு யாரும் மறுபடி பார்க்கப்போவதில்லை. அவளுக்கும் தொற்றியிருந்து, ஊசி போடாமல் விட்டால், வயிற்றுப் பிள்ளை தங்காமல் போகலாம். தங்கினாலும் ஊனத்தோடு பிறக்கலாம். இதை அவனிடம் தெளிவாகச் சொன்னேன். "கூட்டிட்டு வாரேன் மேடம், செத்த டைம் குடுங்க. நானே பக்குவமா சொல்லுதேன்" என்றான். தனக்கு ஊசி போட்டுக்கொண்டு போனான்.

அவன் கூட்டிவரவில்லை. போன் செய்தால், "நாளைக்கு" என்பான். பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டான்.

அவன் சம்மதம் இல்லாமல் அவளிடம் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. அது சட்டம். அந்த அம்மாவுக்கோ அது சட்டத்துக்கும் மேலே. தினமும் மத்தியானம் எனக்கு போன் வரும். பெயர் சொல்ல மாட்டார், ஊர் சொல்ல மாட்டார். "வந்தாச்சா?" என்பார். "இல்ல மேடம்" என்பேன். பிறகு வைத்துவிடுவார். ஒருநாள் மட்டும், "எதுத்தாப்புல துணி காயப் போடுதா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிமிருதா. எனக்குப் பெத்த வயிறு மாதிரி பத்தி எரியுது. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள வந்துட்டேன்" என்றார்.

"ஏரியா நர்ஸம்மாகிட்ட சொல்லி அவளுக்கு மட்டும் இன்னொரு தரம் ரத்தம் எடுத்துட்டா என்ன மேடம்?"

"அவளுக்கு மட்டும் எடுத்தா ஏன்னு கேப்பாடீ. துடுக்குக்காரி. கேக்காம விடுவாளா?"

கடைசியில் அந்தப் பகுதியில் ஐந்து மாதம் தாண்டிய எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மறுபடி ரத்தம் பார்க்க ஒரு முகாம் போட ஏற்பாடு செய்தார். அதற்காக எத்தனை பேர் காலைப் பிடித்தாரோ. முகாமுக்குத் தெருவே வந்தது. அவள் மட்டும் வரவில்லை. ஏரியா நர்ஸம்மா அவள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டதற்கு மாமியார்க்காரி வாசலை மறித்துக்கொண்டு, "எதுத்த வீட்டுக்காரி போட்ட முகாம்தான இது? எம்பிள்ளை நேருக்கு நேரா வந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிட்டுப் போறா. எம்பிள்ளை மூஞ்சியில முழிக்காதவ சொல்லி எம்மருமக எதுக்கு ஊசி குத்தணும்? ஒருக்கா எடுத்தது போதும்" என்றாளாம்.

நர்ஸம்மா இதை ஏதோ தண்ணீர்க் குழாய்ச் சண்டை என்று நினைத்துக்கொண்டு சொன்னார். எனக்கு மட்டும் உள்ளே திக்கென்றது. தெரு முழுக்கப் பேசுகிற அம்மா, இடுப்பில் தூக்கி வளர்த்தவனிடம் மட்டும் பேச்சை நிறுத்தியிருக்கிறார். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவன் அல்லவா? வாசலுக்கு வெளியே அவனைத் தெரியாது. இத்தனை வருஷப் பழக்கம், யோசிக்காமலே கண் தானாகத் திரும்பியிருக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று முழுங்கிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்வதற்குள் அவளே வந்துவிட்டாள்.

தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. சர்க்கரை மாத்திரை வரிசையில் நின்று, முறை வந்ததும் உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினாள். கலர் வாங்கிக் கொடுத்த பெண்ணா இது? முகம் கறுத்துப்போயிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் இங்க வந்தாராக்கா?"

"யார் வந்தாங்க, வரலைன்னு நாங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா."

"நீங்க சொல்ல வேண்டாம். எதுத்தவீட்டு அத்தை சொல்லிட்டாக."

அந்த அம்மாவா? தலை போனாலும் சொல்ல மாட்டாரே! "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வாயால ஒண்ணும் சொல்லலை. முன்னெல்லாம் அவரு வெளிய வந்தா ஏலேன்னு தெருவே அதிரும். இப்ப அவரு வந்தா அத்தை வானத்தைப் பாக்காக. எங்கிட்ட பேசுதாக, மாமியார்கிட்ட பேசப் பாக்காக, கொழுந்தன்கிட்ட பேசுதாக. அவருகிட்ட மட்டும் இல்லை. சண்டைன்னா ஒரு வார்த்தையாச்சும் காதுல விழும்லா? சண்டையும் இல்லை. அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னாகளே, ஆபீஸ்ல பாத்துட்டா பொறவு தெரியாமப் போயிரும்னு. முகாம் போட்ட அன்னைக்கு அவரு எம்மூஞ்சியப் பாக்கவே இல்லை. கூட்டிக் கழிச்சுப் பாத்தேன்." கையை நீட்டி மேஜைமேல் வைத்தாள். "எனக்கு அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லாதீக. எனக்கு ரத்தம் எடுங்க. எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

முருகேசன் ரத்தம் எடுத்தார். அவளுக்கும் இருந்தது. அன்றே முதல் ஊசி போட்டார்கள். பிறகு வாரா வாரம் வந்தாள். அடுத்த வாரம் அவனும் கூட வந்தான். ஒரே பெஞ்சில் அவள் அந்தக் கோடியில், அவன் இந்தக் கோடியில். நடுவில் சர்க்கரை மாத்திரைக்கு வந்த யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் முதலில் வந்த அன்று மத்தியானம் போன் வந்தபோது, "வந்தாச்சு மேடம்" என்றேன். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எப்படி வந்தாள் என்று கேட்டார். சொன்னேன்.

அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். நோயாளியின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்ப நாந்தான் காட்டிக் குடுத்திருக்கேன்" என்றார்.

"நல்லதுதான மேடம் நடந்திருக்கு? புள்ள பொழைச்சுது."

"இவ கெட்டிக்காரி. கையை நீட்டிட்டு வந்து நின்னா. வேற ஒருத்தியா இருந்தா? இதே மூஞ்சிய வச்சு எவளையாவது கெணத்துல தள்ளியிருப்பேனேடீ! எத்தனை பேரைத் தள்ளியிருக்கேனோ, எனக்குத் தெரியுமா?" கன்னத்தில் தன் கையாலேயே ஒரு அறை அறைந்துகொண்டார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா தலைகீழாக மாறினார். மறுவாரமே எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, "இனிமே எல்லாரையும் தெரியும்" என்றார். "தெரிஞ்சவரோ தெரியாதவரோ, எதுத்தாப்புல வாரவர் எல்லாரையும் பாத்துச் சிரிக்கணும். சாப்பிட்டீகளான்னு கேக்கணும். ஒருத்தரை விடக் கூடாது. ஒருத்தருக்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது." முருகேசன் என்னைப் பார்த்தார், நான் முருகேசனைப் பார்த்தேன். இந்த அம்மாவுக்கு முற்றிவிட்டது என்றுதான் நினைத்தோம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டு வரை விசாரித்துக்கொண்டே போவார். அறிமுகமில்லாதவர்கள் பயந்து ஒதுங்குவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முழுக்க நலம் விசாரித்து, சாப்பிடாமலே திரும்பி வருவார். முன்பு யாரையும் பார்க்காமல் இருந்ததைவிட இது அவருக்கு ஆயிரம் மடங்கு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்குச் சேத்தூர் போனவள் திரும்பவே இல்லை. அவனும் அங்கேயே போய்விட்டான் என்று நர்ஸம்மா சொன்னார். பிள்ளை பிறந்து, அதன் ரத்தத்தையும் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்று தெரியும்வரை அந்த அம்மா போன் செய்துகொண்டே இருந்தார். ஒன்றுமில்லை என்று நான் சொன்ன அன்று, "சரிம்மா" என்று வைத்துவிட்டார். பிறகு அதைப்பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. அப்புறம் ரிட்டயரும் ஆகிவிட்டார்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நாத்தனாரோடு நின்றுகொண்டிருந்தேன். எதிரே அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பூக்காரியிடம் சிரிப்பு, பழக்கடைக்காரரிடம் சிரிப்பு, யாரோ ஒரு போலீஸ்காரரிடம் சாப்பிட்டாச்சா. அப்போதுதான் சிமெண்டு பெஞ்சில் அந்தச் சேத்தூர்ப் பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற வயது. கையில் முறுக்கு. அவன் கொஞ்சம் தள்ளி பைகளோடு நின்றிருந்தான். நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். குனியக் கூடாது என்பது நினைவுக்கு வந்து மறுபடி நிமிர்ந்தேன்.

அந்த அம்மா முதலில் அவனைப் பார்த்தார். "என்னய்யா, பஸ் இன்னும் வரலையா?" என்றார். அவன், "வந்துரும்" என்றான். பிறகு பெஞ்சு. அவளைப் பார்த்து, "சௌக்கியமா தாயி?" என்றார். பூக்காரியிடம் கேட்ட அதே குரல். அவளும், "நல்லா இருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு, பிள்ளையின் முதுகில் கைவைத்து லேசாக முன்னால் தள்ளி, "பாட்டிக்குப் பேரு சொல்லு" என்றாள்.

பிள்ளை பேரைச் சொன்னது. அந்த அம்மாவின் கை பிள்ளையின் கன்னத்துக்குப் போனது. போன கை வரவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், பார்க்கிறார்கள், ஐயோ, எடுங்களேன் மேடம் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

எடுத்துவிட்டார். அடுத்து உட்கார்ந்திருந்த வேறொருத்தியின் பிள்ளையிடம் போனார். "உன் பேரு என்ன?" என்று கேட்டு, அதே போல அதன் கன்னத்தில் கைவைத்தார். அதே நேரம் வைத்திருந்தார். அதற்கடுத்த பிள்ளை. அதற்கடுத்து. அந்தப் பெஞ்சு முடிந்து, எங்கள் பக்கம் வந்து, "என்ன தாயி, எந்த ஊருக்கு?" என்று என்னைக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. "ராஜபாளையத்துக்கும்மா" என்றேன். "பத்திரமா போயிட்டு வா" என்று நகர்ந்துவிட்டார்.

"யாரு மதினி அது?" என்றாள் நாத்தனார்.

"தெரியலையே."

"பிள்ளைகன்னா அந்தம்மாவுக்குக் கொள்ளை ஆசை போல."

திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய், அங்கிருந்த பிள்ளைகளின் கன்னங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை பயந்து அழுதது. அதன் கன்னத்தையும் விடவில்லை.